பச்சைச் சாலையிலும் புகை உண்டு

கைபேசி வரைபடத்தில் ஒரு சாலை சிவந்து கிடந்தால் ஓட்டுநர் வேறு வழியைத் தேடுகிறார். அந்த நிறம் அவருக்குச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பக்கம் போனால் நேரமாகும். கடந்த பத்தாண்டுகளில் அதே நிறத்தை இன்னொரு கேள்விக்கும் விடையாக வாசிக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. வண்டிகள் எந்தச் சாலையில் என்ன வேகத்தில் நகர்கின்றன என்பது இணையத்தில் நிமிடத்துக்கு நிமிடம் கிடைக்கிறது. அந்த வேகத்தை வைத்து அவை விடும் கரியமில வாயு எவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு, நுண்துகள் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம் என்பது இந்த முறையின் நம்பிக்கை. பல்கலைக்கழக ஆய்வுகளில் தொடங்கிய இது இப்போது நகரங்களின் காலநிலைத் திட்டங்கள் வரை வந்துவிட்டது. கூகுள் நிறுவனம் 2018இல் நகரங்களுக்கென்றே ஓர் உமிழ்வுக் கணக்குச் சேவையைத் தொடங்கியது. 2022இல் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத், அதில் தன் கணக்கை வெளியிட்ட முதல் இந்திய நகரமானது.

இந்த வரவை நான் வரவேற்கிறேன். கணக்கே இல்லாத ஊர்களுக்கு ஏதோ ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. ஆனால் வரைபடம் அளப்பது தாமதத்தை. புகை வேறு பொருள். தாமதம் கூடினால் புகை கூடும் என்பது பாதி உண்மை. பாதி உண்மையை முழுக் கணக்காக வைத்து ஒரு நகரம் முடிவெடுத்தால், அதற்கு விலை கொடுப்பவர்கள் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களும், இரவெல்லாம் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களும்தான்.

இதற்கு முன்பு நம்மிடம் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் இந்த முறையின் அருமை தெரியும். டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களில் காற்று மாசின் மூலங்களைக் கண்டறிய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி, 2011இல் அறிக்கை வெளியிட்டது. சென்னைப் பகுதியைச் செய்தது ஐஐடி மெட்ராஸ். காற்றளவு நிலையங்களைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்கள் வரைந்து, சாலையோரம் ஆட்களை நிறுத்தி வண்டிகளை எண்ணினார்கள். எந்த வயது வண்டிகள் ஓடுகின்றன என்று அறிய வாகன நிறுத்தங்களில் கேட்டுக் குறித்தார்கள். ஒவ்வொரு வகை வண்டியும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு புகை விடும் என்பதற்குப் புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வகம் சோதித்துத் தந்த எண்களைப் பயன்படுத்தினார்கள். நேர்மையான, உடல் உழைப்பு மிகுந்த வேலை அது. ஆனால் எண்ணிய சில நாட்களின் படம்தான் அதில் கிடைக்கும். அடுத்த ஆண்டு ஒரு மேம்பாலம் வந்தாலோ, ஒரு சாலை ஒருவழிப் பாதையானாலோ அந்தப் படம் பழையதாகிவிடும். திரும்ப எண்ணுவதற்குப் பணமும் ஆளும் கிடைப்பது அபூர்வம்.

எண்ண முடியாதபோது வேறு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஊரில் விற்ற பெட்ரோல், டீசல் அளவு. ஆனால் விற்ற ஊரில்தான் எரியும் என்று எரிபொருளுக்குக் கட்டாயம் இல்லை. புதுச்சேரியில் விலை குறைவு என்று அங்கே தொட்டியை நிரப்பிக்கொண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளை நாம் எல்லோரும் அறிவோம். இன்னொன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேடு. உடைத்துக் காயலான் கடைக்குப் போன வண்டியும், வெளியூருக்கு விற்கப்பட்ட வண்டியும் பெரும்பாலும் அதில் இன்னும் உயிரோடு இருக்கும். பதிவேட்டை நம்பிப் பெருக்கினால் சாலையில் இல்லாத வண்டிகளும் புகை விடும்.

இந்த நிலைமையில்தான் இணையத் தரவு வந்தது. சரத் குட்டிகுண்டா நடத்தும் அர்பன் எமிஷன்ஸ் குழு, சென்னை, கோவை உட்படப் பல இந்திய நகரங்களுக்குக் காற்று மாசுக் கணக்கு தயாரித்தபோது, கூகுள் வரைபடச் சேவையிலிருந்து மணிக்கு மணி வேகத்தை எடுத்துப் பயன்படுத்தியது. ஒரு நாளின் புகை எந்த மணி நேரத்தில், நகரின் எந்தக் கட்டத்தில் குவிகிறது என்று பிரித்துப் பார்க்க அது உதவியது. இதற்கு முன் இதையெல்லாம் ஊகத்தில்தான் பிரித்தார்கள். காலை எட்டிலிருந்து பத்து வரை இத்தனை பங்கு, மாலையில் இத்தனை பங்கு என்று எங்கோ கிடைத்த ஒரு வடிவத்தை எல்லா நாட்களுக்கும் எல்லாத் தெருக்களுக்கும் ஒட்டுவார்கள்.

சென்னையில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. ஆற்காடு சாலையிலும் மயிலாப்பூரிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் தடுப்புகள் இடம் மாறும். மாற்றுப் பாதைகள் திறக்கும், மூடும். நேற்றுவரை அமைதியாக இருந்த ஒரு குடியிருப்புத் தெரு இன்று நூற்றுக்கணக்கான வண்டிகளின் குறுக்குவழி. வருடக் கணக்கு எதுவும் இதைப் பிடிக்காது. இணைய வேகத் தரவு அன்றைக்கே பிடிக்கும். பெருமழை நாளில், தீபாவளிக்கு முந்தைய மாலையில், ஒரு பள்ளிக்கூடம் விடும் அரைமணி நேரத்தில் சாலை எப்படி மூச்சுத் திணறுகிறது என்பதை, ஒரு கருவிகூடப் பதிக்காமல் இத்தனை நுணுக்கமாகக் காட்ட வேறு வழி இன்றைக்கு இல்லை. ‘எப்போது’, ‘எங்கே’ என்ற கேள்விகளுக்கு இதன் பதில் மதிப்பு மிக்கது.

சிக்கல் ‘எவ்வளவு’ என்று கேட்கும்போது தொடங்குகிறது.

வேகத்துக்கும் புகைக்கும் உறவு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஒரு கார் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது கிலோமீட்டருக்கான எரிபொருள் செலவு மிகக் குறைவு. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அது ஏறத்தாழ இருமடங்காகிறது. மிக வேகமாகப் பறந்தாலும் மீண்டும் ஏறும். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் கோபர்ட் மென்பொருள் இந்த வளைகோட்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு சாலையின் மொத்தப் புகை மூன்று எண்களின் பெருக்கல்: எத்தனை வண்டிகள், எவ்வளவு தூரம், ஒவ்வொரு வண்டியும் கிலோமீட்டருக்கு எவ்வளவு. தூரம் வரைபடத்திலேயே இருக்கிறது. வேகம் நுழைவது மூன்றாவது எண்ணில் மட்டும், அதுவும் ஒரு பகுதியாக. நகர நெரிசலில் வேகத்தை 20 என்பதற்குப் பதில் 22 என்று தவறாக எடுத்தால் விடை நாலைந்து சதவீதம் விலகும். வண்டிகளின் எண்ணிக்கையில் இருபது சதவீதம் தவறினால் விடையும் அப்படியே இருபது சதவீதம் தவறும்.

வண்டி எந்த வகை என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.31 கிலோ கரியமில வாயு வரும்; டீசல் என்றால் 2.68 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 46 கிராம் விடுகிறது. நகருக்குள் 12 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 190 கிராமைத் தாண்டுகிறது. 4 கிலோமீட்டர் கொடுக்கும் பேருந்து அல்லது லாரி 670 கிராம். ஒரு சாலையில் மணிக்கு ஆயிரம் வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 700 இருசக்கர வாகனங்கள், 250 கார்கள், 50 கனரக வண்டிகள். கிலோமீட்டருக்கு 114 கிலோ வருகிறது. அதே ஆயிரத்தில் நூறு இருசக்கர வாகனங்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 75 கார்களையும் 25 லாரிகளையும் வையுங்கள். 140 கிலோ ஆகிவிடும். எண்ணிக்கை மாறவில்லை; சாலையின் நிறம் மாறாமலே இருக்கக்கூடும். கணக்கு மட்டும் 23 சதவீதம் ஏறிவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடுக்கும் டீசல் கரித்துகளுக்கும் இதே கணக்கைப் போட்டால் இடைவெளி இன்னும் பல மடங்கு விரியும்.

ஆக, இணையம் நமக்கு மிகத் துல்லியமாகத் தருவது விடையைக் குறைவாக அசைக்கும் எண்ணை. விடையை உலுக்கும் இரண்டு எண்களான எண்ணிக்கையும் வகையும் நிறத்தில் இல்லை.

எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன, வேகத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்கிறது இந்த முறையின் அடுத்த படி. வண்டிகள் கூடக் கூட வேகம் குறைகிறது, எனவே வேகம் குறைந்த அளவை வைத்து வண்டிகளைக் கணக்கிடலாம் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1930களிலேயே சாலையைப் படமெடுத்து இந்த உறவை ஆராய்ந்தார். அவர் கண்டது ஒரு மேடு: அடர்த்தி கூடும்போது ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. அதாவது ஒரே எண்ணிக்கை இரண்டு வெவ்வேறு வேகங்களில் வரலாம். சிக்கிக்கிடக்கும் சாலையில் கடப்பவை குறைவு. காலியான சாலையிலும் குறைவுதான்.

அமெரிக்கச் சாலைத் துறை 1964இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இன்றும் உலகெங்கும் போக்குவரத்து மாதிரிகளில் ஓடுகிறது. சாலையின் கொள்ளளவில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15ஆல் பெருக்கினால், காலிச் சாலையின் பயண நேரத்தில் எத்தனை பங்கு கூடுதல் தாமதம் என்பது கிடைக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் பத்து நிமிடம் ஆகும் ஒரு சாலையில் கால்வாசி நிரம்பினாலும் பாதி நிரம்பினாலும் பயண நேரத்தில் ஏற்படும் வேறுபாடு ஏறத்தாழ ஐந்து விநாடி. வண்டிகள் இரட்டித்துவிட்டன, வரைபடத்துக்குத் தெரிந்தது ஐந்து விநாடி. ஒரு சிக்னல் சற்று நீண்டாலே அதைவிட அதிகம் ஆகும். சாலை பச்சையாக இருக்கும் வரை அதில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதைப் பற்றி நிறம் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்வதில்லை.

இது ஏட்டுக் குறை என்று தள்ளிவிட முடியாது. நம் பெருநகரங்களில் கனரக லாரிகளுக்குப் பகலில், குறிப்பாக நெரிசல் நேரங்களில், நகருக்குள் வரத் தடை இருக்கிறது. அதனால் அவை இரவில் வருகின்றன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மணல், ஜல்லி, சிமென்ட், காய்கறி ஏற்றியவை என்று நகரத்தின் சரக்கெல்லாம் நள்ளிரவைத் தாண்டித்தான் நகர்கிறது. அந்த நேரத்தில் சாலைகள் காலி. வரைபடம் முழுக்கப் பச்சை. வேகத்தை மட்டும் வாசிக்கும் கணக்கு இரவைத் தூய்மையான நேரம் என்று எழுதும். ஆனால் வண்டிக்கு வண்டி பார்த்தால் நகரத்தில் மிக அதிகமாக டீசல் கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் விடுபவை அவைதான். இரவில் நிலம் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்றடுக்கு மெலிந்து, புகை மேலேறிக் கலையாமல் கீழேயே தங்குகிறது. எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கம் வாழ்பவர்களிடம் கேட்டால் இரவுக் காற்றைப் பற்றிச் சொல்வார்கள். அவர்கள் சுவாசிப்பது கணக்கில் ஏறாமல் போகும் முறை ஒன்றை நாம் அறிவியல் என்று ஏற்றுக்கொள்ளும்போது, பழகிப்போன ஓர் அநீதிக்கு எண்களின் ஆதரவையும் சேர்த்துத் தருகிறோம்.

உலக அளவில் இந்த முறை பயன்பட்ட மிகப் பெரிய சந்தர்ப்பம் 2020. ஊரடங்கில் உலகம் நின்றபோது, கரியமில வாயு எவ்வளவு குறைந்தது என்று உடனே தெரிய வேண்டியிருந்தது. நாடுகளின் அதிகாரபூர்வக் கணக்கு வர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜு லியு, பிரான்சின் பிலிப் சியே முதலானோர் இணைந்த கார்பன் மானிட்டர் குழு, சாலைப் போக்குவரத்துக்கு டாம்டாம் என்ற வழிகாட்டி வரைபட நிறுவனத்தின் நெரிசல் தரவை எடுத்தது. 57 நாடுகளில் 416 நகரங்கள். நெரிசல் அளவை வண்டிகளின் எண்ணிக்கையாக மாற்ற ஒரு வளைகோடு வேண்டும். அதைப் பாரிஸ் நகரச் சாலைகளில் எண்ணப்பட்ட வண்டிகளைக் கொண்டு வரைந்தார்கள். பிறகு அந்தப் பாரிஸ் கோடு மற்ற நகரங்களுக்கும் பயன்பட்டது. 2020 முதல் பாதியில் உலக உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 8.8 சதவீதம் குறைந்ததாக, எல்லாத் துறைகளையும் சேர்த்து அவர்கள் தந்த கணக்கு பெரிதும் பேசப்பட்டது.

அந்த வேலையை நான் மதிக்கிறேன். அவசரத்தில், இருந்ததைக் கொண்டு, முறையை ஒளிக்காமல் எழுதினார்கள். நெரிசல் பூச்சியம் என்றால் வண்டிகளும் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளாமல், பாரிஸ் எண்ணிக்கையைப் பார்த்துத் திருத்தினார்கள் என்பதே அக்கறைக்குச் சான்று. ஆனால் பாரிஸின் கோடு பெங்களூருக்குப் பொருந்துமா? டாம்டாமின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் பெங்களூரில் பத்துக் கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடத்துக்கும் மேல் ஆனது. உலகில் மிக மந்தமான நகரங்களில் ஒன்று. இப்படி ஏற்கெனவே நிரம்பி வழியும் சாலையில் நெரிசல் இன்னும் ஏறுவது வண்டிகள் கூடியதால் இருக்கலாம். ஒரு பாதை தோண்டப்பட்டதாலும் இருக்கலாம். முதல் காரணத்தில் புகை கூடும். இரண்டாவதில் கடக்கும் வண்டிகள் குறைந்து, நிற்கும் நேரம் கூடி, நிகர விளைவு எந்தப் பக்கமும் போகலாம். இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். கார்களுக்கு நடுவே புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடும் பைக்கின் தாமதமும் காரின் தாமதமும் ஒன்றல்ல. பாரிஸின் சாலைகளிலிருந்து வரைந்த கோட்டுக்கு இந்த ஊரின் ஓட்டம் தெரிய வழியில்லை.

அமெரிக்காவில் இதைச் சோதிக்க வழி இருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் கோஹன் குழு 2012 முதல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கட்டடக் கூரைகளில் கரியமில வாயு உணரிகளை அமைத்துவந்தது. ஊரடங்கின் முதல் ஆறு வாரங்களில் அங்கே உமிழ்வு சுமார் 30 சதவீதம் குறைந்ததைக் காற்றிலிருந்தே கண்டார்கள். அதில் பெரும்பங்கு போக்குவரத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததால் வந்தது. நெடுஞ்சாலையில் பதித்த எண்ணும் கருவிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. இப்படி எண்ணிக்கையும் காற்றளவும் இருக்கும் இடத்தில் கைபேசித் தரவு தன் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அவை இல்லாத இடத்தில்தான் நாம் அதை அதிகம் நம்புகிறோம் என்பது எனக்குக் கவலை தருகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், 2020 பிப்ரவரியில் வெளியிட்ட ஒரு காணொளியில், 99 கைபேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு காலியான தெருக்களில் நடந்தார். அந்தத் தெருக்கள் கூகுள் வரைபடத்தில் சிவப்பாகின. இந்தியா போன்ற நாடுகளில் காரையும் பைக்கையும் வேறுபடுத்திப் பார்ப்பதாகக் கூகுள் அப்போது கூறியது. அந்தப் பிரிப்பு உண்மையில் உதவக்கூடியது. ஆனால் வெளியே இருப்பவர்களுக்குக் கிடைப்பது பிரித்த எண்ணிக்கை அல்ல, ஒரு வேகம் அல்லது ஒரு பயண நேரம் மட்டுமே. ஐம்பது கைபேசிகளோடு போகும் மாநகரப் பேருந்து எப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது, சுங்கச்சாவடியை அடுத்து நின்றுவிட்ட லாரி எப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதெல்லாம் நிறுவனத்தின் உள்விஷயம்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற எண்ணும் கெட்டியான தரையில் நிற்கவில்லை. ஆய்வகத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் சாலையில் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015 செப்டம்பரில் அறிவித்தது. அது மோசடி. மோசடி இல்லாமலும் விலகல் வரும். டெல்லியிலும் குருகிராமிலும் சாலையோரக் கருவிகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் எடுத்த ஐ.சி.சி.டி. அமைப்பின் 2024 அறிக்கை, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 உமிழ்வு விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளிலேயே வாடகைக் கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் சொந்தக் கார்களைவிட மிக அதிகமாக நைட்ரஜன் ஆக்சைடு விடுவதைக் காட்டியது. இரவுபகலாக ஓடித் தேய்ந்த வண்டியும் வார இறுதியில் மட்டும் வெளியே வரும் வண்டியும் பதிவேட்டில் ஒரே வகைதான். நம் புகைச் சான்றிதழ்ச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. சராசரி வேகம் என்பதும் ஏமாற்றும். சீராக 20இல் போவதும், 40க்குப் பாய்ந்து பிரேக் அடித்து நிற்பதை மாறிமாறிச் செய்து சராசரியில் 20 வருவதும் தரவில் ஒன்று, எஞ்சினுக்கு ஒன்றல்ல.

இத்தனை குறையையும் பொறுத்துக்கொள்ளலாம், எண்களை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் கவனம் இருந்தால். என் பெரிய ஆட்சேபம் இங்கேதான். தாமதத்தைப் புகைக்குச் சமமாக்கும் கணக்கு, தாமதத்தைக் குறைக்கும் எதையும் சுற்றுச்சூழல் நன்மையாகக் காட்டும். மேம்பாலம் கட்டினால் வேகம் கூடும்; சூத்திரத்தில் புகை குறையும். ஆனால் சாலையை விரித்தால் ஓட்டமும் விரிந்துகொள்ளும் என்பதை அமெரிக்க நகரங்களின் தரவைக் கொண்டு ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011இல் உறுதியாகக் காட்டினார்கள். வேகத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் அந்தக் கூடுதல் வண்டிகள் இல்லை.

மாறாக ஒரு சாலையில் பேருந்துக்குத் தனிப்பாதை ஒதுக்குவதாக எண்ணிப் பாருங்கள். கார்களுக்கு மிஞ்சிய பாதை குறுகி, வரைபடம் முன்பைவிடச் சிவக்கும். இந்தக் கணக்கு புகை கூடிவிட்டது என்று சொல்லும். ஐம்பது பேரோடு போகும் பேருந்து ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 13 கிராம் மட்டுமே விடுகிறது. ஒருவர் மட்டும் போகும் கார் 190. பேருந்து நேரத்துக்கு வருகிறது என்று நம்பி நூறு பேர் மாறினால் நகரம் பெறும் லாபம் எவ்வளவு என்பதைக் காட்ட நிறத்தால் முடியாது. நல்ல முடிவைத் தண்டித்து, கெட்ட முடிவுக்குப் பாராட்டு தரும் அளவுகோலைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்கக் கூடாது.

சிக்னல் நேரங்களைத் திருத்தும் வேலைக்கு இந்தத் தரவு நிச்சயம் உதவும். பெங்களூரு, கொல்கத்தா, ஹைதராபாத் சந்திப்புகளிலும் செயல்படும் கூகுளின் கிரீன் லைட் திட்டம், சந்திப்புகளில் நின்று புறப்படுவதை 30 சதவீதம் வரையும் உமிழ்வை 10 சதவீதம் வரையும் குறைக்க வாய்ப்புண்டு என்கிறது. நின்று புறப்படுவது குறைந்தால் புகை குறையும் என்பதை நான் நம்புகிறேன். அந்தப் பத்து சதவீதமும் அதே தரவிலிருந்து மாதிரியால் பெறப்பட்டது என்பதையும், சந்திப்பில் ஒரு கருவி வைத்து அளந்தால்தான் அது உறுதியாகும் என்பதையும் மாநகராட்சிகள் மறக்கக் கூடாது.

இன்னொன்று, தரவு யாருடையது என்ற கேள்வி. ஊபர் நிறுவனம் 2017இல் தொடங்கிய மூவ்மென்ட் சேவை, பெங்களூரு, டெல்லி, மும்பை, ஹைதராபாத் நகரங்களின் பயண நேரங்களைப் பொதுவில் தந்தது. பல ஆய்வுகள் அதைச் சார்ந்து எழுந்தன. 2023இல் அது மூடப்பட்டது. ஆப்பிளின் நடமாட்டத் தரவு 2022 ஏப்ரலிலும், கூகுளின் நடமாட்ட அறிக்கைகள் அதே ஆண்டு அக்டோபரிலும் நின்றன. நிறுவனங்கள் தம் விருப்பத்தால் தந்தன, தம் விருப்பத்தால் நிறுத்தின. கணக்கிடும் முறையை இடையில் மாற்றினாலும் அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. 2030இல் இவ்வளவு குறைப்போம் என்று உறுதி தரும் நகரம், அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத அளவுகோலை மட்டும் நம்பக் கூடாது.

செய்யக்கூடியது அதிகம் இருக்கிறது. பெரும்பகுதி நம் கையிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டாக், சுங்கச்சாவடி கடக்கும் ஒவ்வொரு வண்டியின் வகையையும் நேரத்தையும் பதிகிறது. வானகரம், சூரப்பட்டு போன்ற நகர எல்லைச் சாவடிகளின் மொத்த எண்ணிக்கையை, வண்டி எண்களை நீக்கிவிட்டு மணி வாரியாக வெளியிட்டால் இரவு லாரிகளின் அளவு உடனே தெரியும். இருசக்கர வாகனங்கள் சுங்கத்தில் வராது. அவற்றை எண்ணத் தேர்ந்தெடுத்த சில சந்திப்புகளில் கேமரா போதும். எண்பலகையை வாசிக்கத் தேவையில்லை, வகையை அறிந்தால் போதும் என்று விதியிலேயே எழுதிவிட்டால் தனியுரிமைக்கும் இடர் இல்லை. மாநகரப் பேருந்துகளின் ஜி.பி.எஸ். தரவு அரசுக்கே சொந்தம். அதிலிருந்து பேருந்தின் வேகத்தைத் தனியாக எடுத்தால், காரின் தாமதத்தைப் பேருந்தின் தாமதம் என்று எடுத்துக்கொள்ளும் நிலை மாறும். இவற்றைக் கொண்டு சென்னைக்கென்று ஒரு வளைகோடும், கோவைக்கென்று ஒன்றும் வரைய வேண்டும். இணைய வேகத் தரவு அந்தக் கோட்டின் மேல் ஏறி, நகரம் முழுவதற்கும் நேரத்தையும் இடத்தையும் பங்கிட்டுத் தரட்டும். அதில் அதற்கு இணை கிடையாது.

ஆலோசனை நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் தரும்போது மாநகராட்சி மூன்று நிபந்தனைகளை எழுதலாம். விடையை ஒற்றை எண்ணாகத் தராமல் எதிலிருந்து எதுவரை என்று தர வேண்டும். சாலைக்குச் சாலை எண்ணிய வண்டிகள் எத்தனை, ஊகித்தவை எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். எண்ணிக்கை எடுக்கும் நாட்களில் இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரையும் ஆட்கள் நிற்க வேண்டும். மணலியிலும் திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் அது முதலில் தொடங்கட்டும்.